குன்னூர் ஆல்பம்: போர்க்காலக் காயப் படங்களுக்குத் தேதி காண்பதும் காப்பாற்றுவதும்

#1 மலைச்சரிவு (குன்னூர்)

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ப் பக்கம் காலி செய்த ஒரு பழைய பங்களாவில் இருந்து எங்க வாசகர் வட்டத்துக்கு ஒரு ஆல்பமும் ஒரு மரப்பெட்டியும் வந்திருக்கு. எல்லாம் போரில் காயம்பட்ட சிப்பாய்கள், ஆஸ்பத்திரி, ஆபரேஷன் சம்பந்தப்பட்ட படங்கள். கேள்வி கேட்க வசதியா எண் போட்டுத் தர்றேன்.

1) ஸ்ட்ரெச்சரோடு ரயில் நிலையம், பலகையில் வெலிங்டன். குறிப்பு: "1899".
2) கயிறும் எடையும் கட்டிய கட்டிலில் கால் தூக்கி வைத்த சிப்பாய். குறிப்பு: "பாஸ்ரா 1916".
3) பெரிய சரவிளக்கின் கீழே தலைப்பாகையோடு நோயாளிகள், அச்சிட்ட தபால் அட்டை. குறிப்பு: "பிரைட்டன் 1917".
4) தட்டிச்சுவர் வார்டு, மாவுக்கட்டு போட்ட கால். குறிப்பு இல்லை.
5) முகத்தில் காயம்பட்ட ஒருவரின் நாலு படம், ஒரே ஆள், வேறு வேறு கட்டம்.
6) தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் கூட்டம், ஒருவர் கையில் தூளிக்கட்டு. குறிப்பு: "கேத்தி".
7) ஆபரேஷன் அறை, எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள்.
8) கறுப்புச் சிலுவைப் பட்டை கட்டிய ஸ்ட்ரெச்சர் ஆட்கள்.
9) பெட்டிக்குள் கண்ணாடித் தட்டுகள் ஆறு. அதில் ரெண்டு எக்ஸ்ரே மாதிரி.
10) பிலிம் நெகட்டிவ் ஒரு கட்டு. புளிச்ச வாடை.

குறிப்புகளை நம்பலாமா? எப்படிப் பாதுகாக்கிறது? பிறகு ஊர் நூலகத்தில் மாட்டலாம்னு யோசனை.

#2 வெலிங்டன் பட்டாளம்

முதல்ல 1-ஆம் எண். மேட்டுப்பாளையத்தில் இருந்து மலைரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும்தான் வந்தது. குன்னூருக்கு மேலே ஊட்டி வரை பாதை முடிந்தது 1908-ல். வெலிங்டன் நிலையம் அந்த மேல்பகுதியில் இருக்கு. அதனால் அந்தப் படம் 1899-ல் எடுத்ததாக இருக்க வழியே இல்லை. யாரோ பின்னாளில் நினைவில் இருந்த ஆண்டை எழுதி வைத்திருக்காங்க. இந்த ஒன்றே போதும், ஆல்பத்தின் பேனாக் குறிப்புகளைச் சாட்சியாக எடுக்காம, சரிபார்க்க வேண்டிய தகவலாக மட்டும் எடுக்கணும்.

3-ஆம் எண்: பிரைட்டன் ராயல் பெவிலியன் இந்தியச் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியாக இருந்தது 1914 டிசம்பரில் தொடங்கி 1916 தொடக்கம் வரைதான். 1915 முடிவில் இந்தியக் காலாட்படை பிரான்ஸை விட்டு மெசபடோமியா (இன்றைய இராக்) பக்கம் போனதும் அதுவும் முடிஞ்சது. 1916-ல் இருந்து 1920 வரை அங்கே கை கால் இழந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இருந்தாங்க. தலைப்பாகையோடு நோயாளிகள் இருந்தால் 1914-16, ஊன்றுகோலோடு வெள்ளைக்காரர்கள் இருந்தால் அதற்குப் பிறகு. "1917" அட்டை வாங்கின ஆண்டாக இருக்கலாம், படத்தின் ஆண்டு அல்ல. அந்த அட்டைகள் இந்தியாவில் உள்ளவங்களுக்குக் காட்டவே அச்சடிச்சவை: சரவிளக்கு, வெள்ளை விரிப்பு, வரிசைக் கட்டில். அதே காலத்தில் மெசபடோமியாவில் டெசிபோன் சண்டைக்குப் பிறகு, 1915 நவம்பரில், தொடை முறிந்தவங்களை ஸ்பிரிங் இல்லாத கோவேறு கழுதை வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனாங்க. அந்தச் சீர்கேடு 1917-ல் விசாரணைக் குழு அறிக்கையாகவே வெளிவந்தது. அதைத் தபால் அட்டையில் யாரும் அச்சடிக்கலை. ரெண்டையும் பக்கத்தில் வைச்சுத்தான் பார்க்கணும்.

6-ஆம் எண்: கேத்தியில் 1901-02 வாக்கில் தென்னாப்பிரிக்கப் போயர் போர்க் கைதிகளுக்கு முகாம் இருந்தது. தாடி, அகலத் தொப்பி, சீருடை இல்லாத சாதாரண உடை, சுற்றிலும் மலைச்சரிவு என்றால் முதலில் அதை யோசிங்க. பிரிட்டிஷ் பட்டாளத்தில் அந்தக் காலத்தில் முழுத் தாடிக்குச் சிறப்பு அனுமதி வேணும்.

இன்னொன்று. தோள்பட்டையில் எழுத்து தெரிந்தால் பெரிசாக்கிப் பாருங்க. "ஐ.ஏ.எம்.சி." என்றால் 1943 ஏப்ரலுக்குப் பிறகு, இந்திய ராணுவ மருத்துவப் படை அப்போதான் உருவாச்சு. அதுக்கு முன்னாடி ஐ.எம்.எஸ். (இந்திய மருத்துவப் பணி), ஐ.எம்.டி. (இந்திய மருத்துவத் துறை) தனித்தனி. குறிப்பில் "சி.சி.எஸ்." என்றால் முன்னணிக்குப் பின்னால் முதல் பெரிய அறுவை நடக்கும் இடம், "ஏ.டி.எஸ்." என்றால் அதற்கும் முன்னால் கட்டுப்போட்டு அனுப்பும் இடம், "ஐ.ஜி.எச்." இந்திய ஜெனரல் ஆஸ்பத்திரி. ஏ.டி.எஸ். என்று எழுதியிருக்கும் படத்தில் இரும்புக் கட்டிலும் பூந்தொட்டியும் இருந்தால் குறிப்பு தப்பு.

#3 இருட்டறை (இந்து நகர், ஊட்டி)

8-ஆம் எண்ணில் சிலுவை கறுப்பா இருக்குன்னு தனியா எழுதியிருக்கீங்க. அது சிவப்புச் சிலுவையேதான். அந்தக் காலத் தட்டுகளுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது.

ஆரம்பகால ஈரக் கொலோடியன் தட்டு (கொலோடியன் என்ற கரைசலைக் கண்ணாடியில் ஊற்றிச் செய்தது) நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே மசியும். 1873-ல் வோகல் என்ற வேதியியலாளர் சாயம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, 1880-களில் ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது, சிவப்பு அப்போதும் இல்லை. சிவப்பு உட்பட எல்லா நிறமும் பதியும் பான்குரோமாட்டிக் தட்டு 1906-ல் வந்தாலும் மலிவும் வசதியும் பார்த்து முதல் உலகப்போர் முழுக்க ஆர்த்தோதான் அதிகம் புழங்கியது. சிவப்பு விளக்கிலேயே கழுவலாம், அது பெரிய வசதி.

காயப் படத்தில் இதனால் வரும் குழப்பங்கள்:

ரத்தக்கறை தார் மாதிரிக் கறுப்பாக விழும். பார்க்கிறவங்க "அழுகல்" என்று எழுதிடறாங்க. வெயில்பட்ட சிவந்த தோல், புதுத் தழும்பு எல்லாம் உண்மையைவிட இருண்டு தெரியும். பிரிட்டனில் தேறிவரும் சிப்பாய்களுக்குக் கொடுத்த நீலச் சட்டை வெளுத்து, அவங்க சிவப்பு டை கறுத்துத் தெரியும். ராணுவ நர்ஸின் சிவப்புத் தோள்போர்வை கறுப்பாக விழுவதால் "துக்க உடை" என்று எழுதிய குறிப்புகளும் உண்டு. அடர்த்தியை வைத்துத் தோல் நிறத்தையோ காயத்தின் தீவிரத்தையோ எடை போடாதீங்க.

அடுத்து, இடம் வலம். கண்ணாடித் தட்டை மாற்றிப் போட்டு அச்செடுத்தால் வலக்கால் காயம் இடக்காலுக்குப் போயிடும். மருத்துவப் படத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சரிபார்க்க: மெடல் ரிப்பன் இடது மார்பில் இருக்கணும், ஆண் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரணும், துப்பாக்கி போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம். மூன்றில் ஒன்றாவது படத்தில் கிடைக்கும். தகரத்தில் எடுத்த பழைய படம் என்றால் அது பிறவியிலேயே இடவலம் மாறினது, திருப்பித்தான் படிக்கணும்.

காகிதத்துக்கு எளிய சோதனை: இருட்டில் புற ஊதா டார்ச் அடிங்க. வெள்ளைப் பகுதி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்தக் காகிதத்தில் வெளுப்பூட்டி இருக்கு. அது பெரும்பாலும் 1950-களுக்குப் பிந்தைய தாள். 1916 படமே ஆனாலும் கையில் இருப்பது பின்னாள் பிரதி. நம்ம மலையில் இதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கிய பிறகு இந்து பேப்பர் தாராளமாகக் கிடைத்தது. பழைய குடும்பப் படங்களை அதில் மறுபடி எடுத்தவங்க ஏராளம். பிரதி என்றாலும் தூக்கிப் போட வேண்டாம், மூலம் காணாமல் போயிருந்தால் அதுதான் மிச்சம்.

#4 அரவங்காட்டுக்காரன்

10-ஆம் எண்தான் என்னைப் பதற வைக்குது. அந்தக் கட்டை வீட்டுக்குள்ளே, அதுவும் ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீங்க.

நைட்ரேட் பிலிம் என்பது நைட்ரஜன் ஏற்றிய பஞ்சு. எங்க ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலை 1903-ல் தொடங்கினதே இதே சரக்கை நம்பித்தான்: பஞ்சை நைட்ரிக், சல்ப்யூரிக் அமிலக் கலவையில் ஊற வைத்தால் துப்பாக்கிப் பஞ்சு, அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் கார்டைட் என்ற துப்பாக்கி மருந்து. நைட்ரஜன் கொஞ்சம் குறைவாக ஏற்றினால் ஈத்தரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் கரையும், அதுதான் கொலோடியன். 1840-களின் கடைசியில் கொலோடியனை முதலில் கையில் எடுத்தவங்க அறுவை மருத்துவர்கள், காயத்தின் மேல் தடவினால் மெல்லிய தோலாகக் காய்ந்து மூடும். 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் அதையே கண்ணாடியில் ஊற்றிப் படம் எடுத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் காயப் படங்கள் அந்த முறையில் எடுத்தவை. குண்டைத் தள்ளியதும், காயத்தை மூடியதும், அந்தக் காயத்தைப் படம் பிடித்ததும் ஒரே பொருளின் மூணு வடிவம்.

இப்போ வேலை. பிலிம் ஓரத்தில் "சேஃப்டி" என்று அச்சாகியிருக்கா பாருங்க. இருந்தால் அசிட்டேட், தீப்பிடிக்கும் பயம் இல்லை. புளித்த வாடை அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம். அது இல்லாமல், மஞ்சள் பழுப்பேறி, பிசுபிசுத்து, மூக்கை அரிக்கும் அமில நெடி அடித்தால் நைட்ரேட் என்று வைத்தே நடங்க. ரொம்பக் கெட்டுப்போனது 40 டிகிரி வாக்கிலேயே தானாகப் பற்றும். குன்னூர் குளிரில் சமாளிக்கலாம். அதையே காரில் போட்டு மே மாதம் மேட்டுப்பாளையம் இறங்கினால் டிக்கி அந்தச் சூட்டைத் தாண்டிடும். எரிய ஆரம்பித்தால் மண்ணோ போர்வையோ அணைக்காது, அதுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளேயே இருக்கு. கொளுத்திப் பார்க்கும் "சோதனை" எழுதியிருக்கும் பழைய புத்தகங்களை நம்பாதீங்க.

1929-ல் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் நைட்ரேட் எக்ஸ்ரே பிலிம் எரிந்து, பெரும்பாலும் அதன் நச்சுப் புகையால், 123 பேர் இறந்தாங்க. புகையும் தீ அளவுக்கே ஆபத்து.

#5 மலைச்சரிவு (குன்னூர்)

நன்றிங்க. பார்த்தேன்: பெரும்பாலும் "சேஃப்டி" இருக்கு. ஏழு துண்டில் எழுத்தே இல்லை, மஞ்சளா இருக்கு. தனியா எடுத்து வெளி ஷெட்டில் அட்டைப்பெட்டியில் வைச்சாச்சு. மற்ற படங்களைப் பெரிசாக்கியும் போட்டிருக்கேன்.

ஆல்பத்தில் வெள்ளையாப் பூசணம். ஒரு நண்பர் நீலகிரித் தைலம் தொட்டுத் துடைச்சாப் போயிடும்னார். பெட்டியில் அந்துருண்டை போடலாமா?

#6 கோடை மூடுபனி (கொடைக்கானல்)

ரெண்டும் வேண்டாம் தம்பி. தைலம் நல்ல கரைப்பான். கொலோடியன் தட்டின் மேல் இருக்கும் சந்தரஸ் பிசின் வார்னிஷை அது இளக்கிடும், காகிதத்தில் எண்ணெய்க் கறையாக நிரந்தரமாகத் தங்கும். அந்துருண்டையின் ஆவி படத்தின் மேல் படிகமாக உட்காரும். பூச்சி ஓடலாம், பூசணம் ஓடாது.

பூசணத்துக்கு வேண்டியது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி சில நாள் நின்றாலே படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சில் முளைக்கும். நீங்கள் இருக்கும் குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே 85, 90 நிற்கும். எங்களுக்கும் அதே கதைதான். பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும். அதனால் ஈரத்துணி பட்டால் பூசணத்தோடு படமும் கையில் வரும். முதலில் உலர்த்துங்கள், பிறகு தொடுங்கள்.

செய்ய வேண்டியது: காற்றுப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதற்கு 400 கிராம் சிலிக்கா ஜெல், பருத்தித்துணிப் பையில். ஒரு சின்ன ஈரப்பதமானி உள்ளே. ஆல்பத்தைத் தட்டையாக வைத்து மூடுங்கள். 45-க்கு வந்ததும் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். 30 முதல் 50-க்குள் நிற்பதுதான் குறி. 25-க்குக் கீழே போனால் அல்புமன் படம் (முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிட்டது) வெடிக்கும், கண்ணாடியில் ஜெலட்டின் ஓரத்திலிருந்து உரியும். மார்கழி உறைபனி நாட்களில் ஹீட்டர் போட்ட அறையில் நடப்பதும் இதுவே. ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் அடுப்பில் 110-120 டிகிரியில் ரெண்டு மூணு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். நம் மலை வெயிலில் காயவைப்பது வீண்.

நன்றாக உலர்ந்து பூசணம் பொடியான பிறகு, வெளியில், முகக்கவசம் போட்டு, மெல்லிய ஆட்டுமயிர் பிரஷ்ஷால் படத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே திசையில் தட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் பொடி ஜெலட்டினுக்குள் இறங்கும்.

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தை உரிக்காதீர்கள். இடையில் வைக்க ஸ்டேஷனரிக் கடை பட்டர் பேப்பர் வாங்காதீர்கள். ஈரத்தில் அது ஜெலட்டினோடு ஒட்டிக்கொண்டு பளபளப்பான திட்டுகளாக நிற்கும். அமிலம் இல்லாத, பூச்சு இல்லாத தாள் போதும், அதுவும் ஆல்பத்தின் முதுகு புடைக்காத அளவுக்கு.

கண்ணாடித் தட்டுகளை நைட்ரைல் கையுறை போட்டு, ரெண்டு எதிர் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும். ஒவ்வொன்றையும் நாலு மடல் உறையில் வைத்து, நீளப்பக்கம் கீழே வர நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் அடித்தட்டு எடை தாங்காமல் விரியும். உடைந்த தட்டுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது.

அந்த ஏழு மஞ்சள் துண்டுகளும் மற்ற படங்களோடு ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, அதன் வாயு மற்றதையும் தின்னும். கெட்டது பிசுபிசுப்பு வரை போகவில்லை என்றால் ஸ்கேன் எடுத்து, ரெண்டு ஜிப் பைக்குள் போட்டு உறைவிப்பானில் வைக்கலாம். எடுக்கும்போது பையைத் திறக்காமல் ஒரு நாள் அறையில் வைத்த பிறகே திறக்கணும், இல்லாவிட்டால் பனித்துளி நேராகப் படத்தில் இறங்கும்.

#7 எலும்பு மருத்துவர் (ஊட்டி)

படங்களைப் பெரிதாக்கிப் போட்டதுக்கு நன்றி. மருத்துவம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

2-ஆம் எண்: இடுப்பு மூட்டில் ஒரு தோல்வளையம், அதிலிருந்து ரெண்டு இரும்புக் கம்பி பாதத்தைத் தாண்டிப் போய் வளைந்து சேருது. இது தாமஸ் ஸ்பிளின்ட். 1870-களில் ஹியூ ஓவன் தாமஸ் செய்தது; போரில் பெரிய அளவில் இறங்கியது 1916-17-ல், ராபர்ட் ஜோன்ஸ் என்ற எலும்பு மருத்துவரின் முயற்சியால். அதுக்கு முன்னாடி, தொடை எலும்பு குண்டடியில் முறிந்தவங்களில் 80 சதவீதம் வரை இறந்தாங்க என்று பதிவு. 1917 அராஸ் சண்டையில் அது 16 வாக்கில் இறங்கியது. காரணம் எளிது: முறிந்த முனைகள் ஆடும்போதெல்லாம் தசைக்குள் ரத்தம் கொட்டும், தொடைக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேலே ஒளிந்துகொள்ள இடம் இருக்கு. நீட்டி இழுத்துக் கட்டினால் அது நிற்கும். மேலே மரச்சட்டத்தில் கப்பி வைத்துத் தொங்கவிட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் "பாஸ்ரா" சரியாக இருக்கலாம், "1916" எனக்கு உறுத்துது. ஓரிரு ஆண்டு தள்ளி வைக்கலாம்.

அதே படத்தில் கட்டிலுக்கு மேலே தொங்கும் கண்ணாடிக் குடுவையை "குளுகோஸ்" என்று யாரும் எழுதிடாதீங்க. அதிலிருந்து வரும் ரப்பர் குழாய் நாலாகப் பிரிந்து கட்டுக்குள்ளே போகுது, நரம்புக்கு இல்லை. கேரல்-டேக்கின் முறை. ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்ட குழாய்களைக் காயத்துக்குள் பரப்பி, ரெண்டு மணிக்கு ஒருமுறை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை விடுவாங்க. அளவு 0.45-க்கும் 0.5 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கணும். கூடினால் தோல் வெந்துபோகும், குறைஞ்சால் கிருமி சாகாது. கரைசல் நாள்பட்டால் வீரியம் போயிடும், அதனால் அடிக்கடி புதுசாகத் தயாரிக்கணும். குழாயைத் தப்பா வைத்தால் ஓட்டம் ஒரே குழியில் தேங்கி மற்ற இடம் காய்ந்துபோகும். நர்ஸ்களின் உழைப்புதான் அந்த முறையின் உயிர்.

9-ஆம் எண்ணின் எக்ஸ்ரே தட்டு: குண்டு வெள்ளையாக இருந்தால் மூலத்தட்டு, கறுப்பாக இருந்தால் அதிலிருந்து எடுத்த அச்சு. குறுக்கே போகும் ரெண்டு மெல்லிய கோடுகளைக் கீறல் என்று நினைச்சுத் தொட்டுத் திருத்தாதீங்க. மெக்கன்சி டேவிட்சன் முறையில் தட்டின் மேல் குறுக்குக் கம்பி வைத்து, எக்ஸ்ரே குழாயை 6 செ.மீ. நகர்த்தி ரெண்டு முறை எடுப்பாங்க. குண்டின் நிழல் எவ்வளவு நகர்ந்தது என்பதில் இருந்து ஆழம் கணக்கு வரும். ஒரே குண்டு ரெண்டாகத் தெரிவதுக்கும் அதுதான் காரணம். அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் எக்ஸ்ரே கருவி போர்க்களம் போனது ரொம்ப சீக்கிரம்: கண்டுபிடித்து ரெண்டே வருஷத்தில், 1897-98 திராஹ் படையெடுப்பில் பீவர் என்ற மருத்துவ அதிகாரி கொண்டுபோனார்.

4-ஆம் எண்ணுக்கு ஒரு வேண்டுகோள். மாவுக்கட்டின் முன்பக்கத்தை நல்லாப் பெரிசாக்கிப் போடுங்க. ரெண்டாம் உலகப்போரில் கட்டின் மேலேயே முறிவின் படத்தை வரைந்து, காயம்பட்ட தேதி, அறுவை தேதி, கட்டுப்போட்ட தேதி எல்லாம் எழுதி அனுப்புவாங்க. சீட்டு தொலைந்தாலும் கட்டு தொலையாது.

#8 மலைச்சரிவு (குன்னூர்)

டாக்டர், இருக்கு! பென்சில் கோட்டில் எலும்பு மாதிரி ஒரு வளைவு, நடுவில் சாய்ந்த கோடு. கீழே மூணு வரி: "9/4", "9/4", "12/4/44". கடைசி வரியில் ஏதோ கையெழுத்துச் சுருக்கம். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆளுக்குக் கட்டே இல்லையே, ஏன்?

#9 வெலிங்டன் பட்டாளம்

1944 ஏப்ரல் என்றதும் கோஹிமா, இம்பால் நினைப்பு வரும். ஆனா அதே மாதத்தில் அரக்கானில் சண்டை, இத்தாலியிலும் இந்திய டிவிஷன்கள் இருந்தன. தேதி மட்டும் இடத்தைச் சொல்லாது. உங்க படத்தில் சுவர் மூங்கில் தட்டி, கூரை ஓலை, கட்டிலுக்குக் கொசுவலைச் சட்டம். இது இத்தாலி இல்லை. அசாம்-பர்மா முன்னணிக்குப் பின்னால் இருந்த பாஷா (மூங்கில், ஓலைக் குடிசை) வார்டு என்று தைரியமா எழுதலாம். அந்த முன்னணியில் டகோட்டா விமானத்தில் ஏற்றிக் கொமில்லா (இன்றைய வங்கதேசம்) போன்ற இடங்களுக்கு அனுப்பினாங்க, அதனால் காயம்பட்டு மூணாம் நாள் ஒழுங்கான மாவுக்கட்டு என்பது பொருந்துது.

பக்கத்துக் கட்டில் ஆளுக்குக் கட்டே இல்லையேன்னு கேட்டிருந்தீங்க. மலேரியாவாக இருக்கும். 1943-ல் அந்த முன்னணியில் காயத்துக்காக ஒருத்தரை வெளியேற்றினால் நோய்க்காக 120 பேரை வெளியேற்றினாங்க. 1942-ல் ஜாவா ஜப்பான் கையில் விழுந்ததும் உலகத்தின் கொயினா (மலேரியா மருந்து) வரத்து அறுந்தது. கொயினா தரும் மரமான சின்கோனாவுக்கு நம்ம நடுவட்டத்தில் இருந்த தோட்டம் அந்த நேரத்தில் பெரிய பொருள். படைக்குப் பெரும்பாலும் கொயினாவுக்குப் பதிலான மெப்பாகிரின் மாத்திரைதான் போனது. தோல் மஞ்சளாகும், கறுப்பு வெள்ளையில் அது தெரியாது.

#10 இருட்டறை (இந்து நகர், ஊட்டி)

7-ஆம் எண் பற்றி. எல்லாரும் கேமராவைப் பார்ப்பதால் மட்டும் அது பொய் ஆகாது. ஆபரேஷன் அறையின் வெளிச்சத்தில் ஒரு விநாடி, ரெண்டு விநாடி திறந்து வைக்கணும். "அசையாதீங்க" என்று நிறுத்தித்தான் எடுக்க முடியும். நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க. மென்மையாக ஒரு பக்கத்தில் இருந்து வந்தால் பெரிய ஜன்னல். கூர்மையான கறுப்பு நிழல் சுவரில் விழுந்தால் மக்னீசிய வெடிப்பொடி. ஈத்தர் மயக்கம் கொடுக்கும் அறையில் அதைக் கொளுத்தினால் அறையே பற்றும், அதனால் அப்படி நிழல் இருந்தால் அறுவை நடக்காத நேரத்தில் அமைத்து எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

களத்தில் எடுத்ததாகச் சொல்லும் படங்களுக்கும் இதே கண் வேணும். புழுதியே இல்லாத கட்டு, சட்டையில் காயச்சீட்டு தொங்காத நோயாளி, நிமிர்ந்து நடக்கும் ஸ்ட்ரெச்சர் ஆட்கள் என்றால் பின்னணியில் அமைத்தது. கிரிமியப் போரில் ஃபென்டன் என்ற புகைப்படக்காரர் 1855-ல் எடுத்த படங்களில் காயம்பட்டவர் யாரென்று தேடித்தான் பார்க்கணும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நேர்மாறு: 1862-ல் ராணுவ மருத்துவ அருங்காட்சியகம் தொடங்கி, காயத்தைப் படம் எடுத்துச் சேர்த்தாங்க. ஹேர்வுட் ஆஸ்பத்திரியின் பான்டெக்கூ என்ற மருத்துவர் படத்தின் மேலேயே சிவப்பு மையில் குண்டு போன வழியை வரைந்து பாடம் நடத்தினார். உங்க படங்களில் அந்த மாதிரி மை இருந்தால் கிறுக்கல் என்று அழிச்சிடாதீங்க.

ஸ்கேன் எடுக்க: ஆல்பத்தைப் பிளாட்பெட் ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீங்க, முதுகு போயிடும். கேமராவை ஸ்டாண்டில் கீழ்நோக்கி மாட்டுங்க. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து, வியூஃபைண்டர் நடுவில் லென்ஸின் பிம்பம் வந்தால் கேமரா நேர்ச்சமம். ரெண்டு விளக்கும் 45 டிகிரியில். பழைய ஜெலட்டின் படத்தின் கறுப்பில் வெள்ளி மினுங்குதே, அதுக்கு விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டி போட்டுக் குறுக்காகத் திருப்புங்க, மினுக்கம் செத்துடும். ஆனா அப்படி எடுத்தால் மேற்பரப்புத் தகவலும் செத்துடும். போலரைசர் இல்லாம ஒன்று, சாய்வெளிச்சத்தில் ஒன்று என்று சேர்த்தே எடுங்க. மாவுக்கட்டு எழுத்து மாதிரி விஷயம் வெறும் கண்ணுக்குக் கிடைக்காது.

கண்ணாடித் தட்டுக்கு 1200 பிபிஐ, 16 பிட், கறுப்பு வெள்ளை. நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலத் தட்டு 5700-க்கு 7800 புள்ளி வரும், ஒரு கோப்பு 89 எம்பி கிட்ட. தட்டின் ஓரத்தில் மெல்லிய அட்டைத் துண்டு வைத்து ஸ்கேனர் கண்ணாடியில் இருந்து தூக்கி வைங்க, வானவில் வளையம் விழாது, எமல்ஷனும் (படம் இருக்கும் பூச்சு) உரசாது.

செயற்கை நுண்ணறிவு ஆப்பில் போட்டுத் தெளிவாக்குவது, வண்ணம் ஏற்றுவது எதுவும் இந்தப் படங்களுக்கு ஆகாது. அது தழும்பை வழவழப்பாக்கும், இல்லாத விரலை முளைக்க வைக்கும். மருத்துவச் சான்று அங்கேயே அழிஞ்சது.

#11 ஊசிமலை

முகக் காயப் படத்தை நூலகத்தில் மாட்ட வேண்டாம்னு என் கருத்து. பள்ளிப் பிள்ளைகள் வரும் இடம்.

#12 வெலிங்டன் பட்டாளம்

நான் ஒத்துக்கலை. அந்த மனுஷங்களை அவங்க வாழ்ந்த காலத்திலேயே தெருவில் நடக்க விடாம ஒளிச்சு வைச்சாங்க. வரிசையாத் துப்பாக்கி, மெடல், கொடி மட்டும் மாட்டினால் போர் என்றால் என்னன்னு பிள்ளைகளுக்கு யார் சொல்றது?

#13 எலும்பு மருத்துவர் (ஊட்டி)

எப்படி மாட்டுறோம் என்பதில்தான் விஷயம். 5-ஆம் எண்ணில் மூணாவது படத்தைப் பாருங்க: தோளில் இருந்து முகத்துக்கு ஒரு குழாய் மாதிரித் தோல் போகுது. தோலைத் தட்டையாக விட்டால் அடிப்பக்கம் காய்ந்து சீழ் வைக்கும். சுருட்டிக் குழாயாகத் தைத்தால் ரத்த ஓட்டம் பாதுகாப்பாக இருக்கும். கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர் 1917-ல் இங்கிலாந்தில் கையாண்ட முறை. அங்கே அவர் இருந்த சிட்கப் ஆஸ்பத்திரியில் 5,000-க்கு மேற்பட்டவங்களுக்கு 11,000-க்கு மேல் அறுவை நடந்தது. ஒரு முனை ஒட்டிப் பிடிக்க வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு அடுத்த முனையை வெட்டி நகர்த்தணும். அவசரப்பட்டால் முனை கறுத்துச் செத்துப்போகும்.

இதை வரிசை குலையாம நாலு படமாக மாட்டினால் பார்க்கிறவங்க சிகிச்சையைப் பார்ப்பாங்க. முதல் படத்தை மட்டும் பெரிசாக்கி மாட்டினால் கோரத்தைப் பார்ப்பாங்க. முதல் படம் தனியா எங்கேயும் போகக் கூடாது, வாட்ஸ்அப்பில் கூட. உடல் திறந்து கிடக்கும் படத்தோடு பெயர் தெரிந்தாலும் பெயர் போட வேண்டாம். அந்த ஆள் மருத்துவருக்காக நின்றார், நமக்காக இல்லை. வாசலில் இருந்து நேராகக் கண்ணில் படாத மாதிரி உள் தடுப்பில், முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு பலகையோடு மாட்டலாம்.

#14 கோடை மூடுபனி (கொடைக்கானல்)

டாக்டர் சொல்வதே சரி. மூலங்கள் பெட்டியை விட்டு வெளியே வரவேண்டாம், பிரதி எடுத்து மாட்டுங்கள். ஒரு மூலத்தையாவது காட்டியே ஆகணும் என்றால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், ஜன்னலுக்கு எதிரில் வேண்டாம். வெளிச்சுவரில் சட்டம் மாட்டினால் நம் ஊரில் பின்பக்கம் வியர்த்துவிடும். உள்சுவரில், சுவரில் இருந்து ஒரு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

#15 மலைச்சரிவு (குன்னூர்)

எல்லாருக்கும் நன்றி. ஊசிமலை சார், வாசலுக்கு நேரா வைக்கலை, உள் தடுப்புத்தான் என்று முடிவு பண்ணிட்டோம். கடைசிக் கேள்வி: ஆல்பத்தில் தப்பா இருக்கும் பழைய குறிப்பை என்ன செய்யறது? எங்க ஆட்கள் வெள்ளை மை போட்டு மறைச்சு எழுதலாம்கிறாங்க.

#16 வெலிங்டன் பட்டாளம்

தொடவே தொடாதீங்க. தப்பான குறிப்பும் ஆல்பத்தின் வரலாறுதான். புதுக் குறிப்பு தனிச் சீட்டில் மூணு பகுதியா இருக்கட்டும்: படத்தில் கண்ணால் பார்ப்பது, ஆல்பத்தில் எழுதியிருப்பது, நாம் முடிவு செய்ததும் அதுக்கான காரணமும். 4-ஆம் எண்ணுக்கு மாதிரி:

"மூங்கில் தட்டி வார்டில் காலில் மாவுக்கட்டுடன் ஒரு சிப்பாய். ஆல்பத்தில் குறிப்பு இல்லை. மாவுக்கட்டின் மேல் முறிவின் வரைபடமும் 9/4, 9/4, 12/4/44 என்ற தேதிகளும் உள்ளன. கட்டட அமைப்பை வைத்து அசாம்-பர்மா முன்னணி, 1944 ஏப்ரல் அல்லது அதற்குச் சற்றுப் பின். பெயர் பதிவாகவில்லை."

#17 கோடை மூடுபனி (கொடைக்கானல்)

ஒட்டாத பிரதிகளின் பின்னால் எண் எழுத மென்மையான பென்சில் மட்டும். படத்தைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும், ஜெல் பேனா அடுத்த படத்தில் ஒட்டும். கண்ணாடித் தட்டுக்கு எண் உறையின் மேல், அதுவும் தட்டை உள்ளே வைப்பதற்கு முன்.